நிலைக்காலில் குடிவந்த கட்டெறும்பு

குரும்பலூர் பச்சையம்மாளைத் தெரியாத வீடு எங்கள் பக்கம் குறைவு. ஐம்பது வயது. ஸ்கூட்டியில் டார்ச் லைட், உளி, ஒரு தீப்பெட்டி நிறையக் கருவாட்டுத் துணுக்கு. முன்பு பருத்திக் காட்டில் கூலிக்கு மருந்தடித்தவர். அப்புறம் திருச்சியில் ஒரு பூச்சி மருந்துக் கம்பெனியில் ஆறு வருடம். இப்போது சொந்தத் தொழில். கரையான், கரப்பான், மூட்டைப்பூச்சி, எதுவானாலும் அவருக்குத்தான் போன் போடுவோம். ஆனால் வந்ததும் மருந்தடிக்க மாட்டார். உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது.

வேப்பந்தட்டையில் நாங்கள் கட்டிய புது வீட்டில் பால் காய்ச்ச ஐந்து நாள் இருக்கும்போது தலைவாசல் நிலையில் கட்டெறும்பு கிளம்பியது. கறுகறுவென்று வரிசையாகப் போனது. அடியில் மரத்தூள் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிலைக்கு மரம் கொடுத்தது என் நாத்தனார் சசிகலா. கீழப்பழுவூரில் தன் கொல்லையில் நின்ற வேம்பை வெட்டி அண்ணன் வீட்டுக்கென்று அனுப்பியிருந்தாள்.

"வேம்புல பூச்சி அண்டாதுன்னு பெருமை பீத்துனா. உளுத்த மரத்த நம்ம தலையில கட்டிட்டா பாருங்க! புடுங்கிப் போட்டுட்டு வேற நிலை வெப்போம்" என்று கணவரிடம் கத்தினேன்.

"புடுங்கிட்டா அவ இந்த வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டா" என்றார் அவர்.

கல்யாணமான நாளிலிருந்தே எனக்கும் சசிக்கும் ஏழாம் பொருத்தம். மிதிக்காவிட்டால் போகட்டும் என்று வாய்தான் சொன்னது. அவர் பச்சையம்மாளுக்குப் போன் போட்டார், தங்கைக்கும் போட்டிருக்கிறார்.

மறுநாள் காலை பச்சையம்மாள் வந்து நிலைக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, மருந்த அடிச்சு விடுங்கக்கா!"

"கொல்றது லேசு தங்கச்சி. எங்கேருந்து வருதுன்னு பாக்க வேணாமா?"

ஒரு கருவாட்டுத் துணுக்கை வைத்தார். ஓர் எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. முந்தானையைச் செருகிக்கொண்டு அவரும் பின்னாலேயே தவழ்ந்தார். "வாடி ராசாத்தி, ஒன் வூட்டக் காட்டு." அத்தனை கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து சசி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். முகம் வாடியிருந்தது. "என் மரத்துலயா அண்ணி?"

"பின்னே என் மரத்துலயா?" என்றேன் வெடுக்கென்று.

எறும்பு நிலைக்காலுக்குக் கீழே சிமெண்டு விரிசலில் நுழைந்தது. பச்சையம்மாள் மரத்தைத் தட்டிப் பார்த்தார். "கணீர்னு இருக்கு. மரத்துல குத்தமில்ல. சுவத்துக்கு ஊத்துன தண்ணியில அடிக்கட்டை மட்டும் ஊறிக் கெடக்கு. ஆனா வெறும் ஈரத்துக்கு இம்புட்டுக் கூட்டம் கூடாதே!" உளியால் சிமெண்டைக் கொத்தினார்.

நிலை வைக்கும்போது அடிக்குழியில் நவதானியமும் காசும் போடுவது வழக்கம். அவை வந்தன. கூடவே ஒரு பாலித்தீன் பொட்டலம் வந்தது. எறும்பு அரித்தது போக உள்ளே கொஞ்சம் வெல்லம்.

எனக்கு உயிரே போய்விட்டது. கொத்தனார் சிமெண்டு குழைக்கப் போன சமயம் யாருக்கும் தெரியாமல் அதைப் போட்டவள் நான்தான். இந்த வீட்டில் எல்லாரும் இனிக்க இனிக்கப் பேச வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போட்டேன்.

பச்சையம்மாள் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். பொட்டலத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு, "ஏதோ குப்பை" என்றார்.

அவர் காப்பாற்றப் பார்த்தார். என்னால்தான் தாங்க முடியவில்லை. "குப்பை இல்லக்கா, வெல்லம். நான் வெச்சது. சசி, ஒன் மரத்தைப் போயி குத்தம் சொல்லிட்டேன்டி."

பச்சையம்மாள் மறுபடி குழிக்குள் கைவிட்டு இன்னொரு பொட்டலத்தை எடுத்தார். "இது கருப்பட்டியால்ல இருக்கு! இதுவும் நீதானா?"

"நான் கருப்பட்டி வெக்கலியே!"

சசி தலையைக் குனிந்துகொண்டாள். "நிலை வெக்க வந்தன்னிக்கு அது நான் வெச்சது அண்ணி."

"நீ எதுக்குடி வெச்ச?"

"நீங்க எங்கிட்ட நல்லாப் பேசணும்னுதான்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பச்சையம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கூட்டைக் கிளறி எடுத்து, மருந்துத் தூளைத் தூவினார். மூன்று நாள் நன்றாகக் காயவிட்டு, சிமெண்டு பூசி அடைத்தார்.

அதே நிலைதான் இன்றும் இருக்கிறது. பால் காய்ச்சிய அன்று சசியும் நானும் சேர்ந்து உள்ளே நுழையப் போனோம். பச்சையம்மாள் வாசலிலேயே எங்களை மறித்தார்.

"ரெண்டு பேரும் மொதல்ல கையக் காட்டுங்க."