டவரில் கேட்ட நேரம்

ஒரு ரூபாய் நாணயம் அளவே உள்ள பேட்டரி. மெயின்லேண்டிலிருந்து நேற்றைய கப்பலில் வந்து, என் மேசைமேல் கிடக்கிறது. இதை வரவழைக்கச் சொல்லிச் சொல்லி அலுத்தவர் எங்கள் பியூன் அக்கா. கேட்டு எழுதாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தவள் நான்.

எங்கள் தீவின் டெலானிபூரில் உள்ள அலுவலகத்தில், சென்னைக் கப்பலில் நோயாளிகளுக்கான படுக்கைகளுக்கு விண்ணப்பம் வாங்குகிறோம். கணினியில் பதிவாகும் நேரப்படியே வரிசை. ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் கடிகாரம் நாளுக்குச் சில வினாடிகளே பின்தங்கும். கரண்ட் போய் வந்தால்தான் தொல்லை. பேட்டரி செத்திருந்ததால், மணிக்கொரு முறை சேமிக்கும் நேரத்தில் கடைசியானதற்கே திரும்பிவிடும். "பத்து மணிக்குப் படுத்தா, எப்ப எழுப்பினாலும் பத்துன்னுதான் சாதிக்கும், எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்பார் அக்கா. ஒவ்வொரு முறையும் துறைமுக டவருக்குப் போன் செய்து நேரம் கேட்டுச் சொல்வார், நான் திருத்துவேன். எண்களைத் தவிர எதுவும் படிக்கத் தெரியாதவர் அவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். அவர் சொல்லி நான் திருத்துவது எனக்கு உறுத்தியது.

ஒருநாள் பத்தே முக்காலுக்குப் போன கரண்ட் பதினொன்றேகாலுக்கு வந்தது. கவுண்டரில் கூட்டம் நெருக்கியது.

"மேடம், தோடா ருக்கோ, கொஞ்சம் பொறுங்க. டவர் லைன் பிஸி."

"உங்க வேலையப் பாருங்க அக்கா. இது கம்ப்யூட்டர்" என்று நேரத்தைத் திருத்தாமலே பதியத் தொடங்கினேன்.

பட்டியலைப் பார்த்துவிட்டு டெய்ரி ஃபார்ம் பகுதிக்காரர் ஒருவர் சீட்டை நீட்டினார். அவர் பத்தரைக்கே மனைவிக்காகப் பதிந்தவர். கரண்ட் வந்த பிறகு வந்தவருக்குப் பத்து மணி ஐந்து நிமிடம் என்று பதிவாகி, கடைசிப் படுக்கை அவருக்குப் போயிருந்தது. "நான்தானே மேடம் முன்னாடி வந்தேன்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. திரையைக் காட்டி அனுப்பிவிட்டேன்.

கப்பல் புறப்பட்ட பிறகே விசாரணை. "டைம் வைக்கிறது யாரு?" என்று அதிகாரி கேட்டார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அக்கா என்னை மட்டும் பார்த்தார். நான் வாய் திறக்கக் காத்திருந்தார் என்றே நினைக்கிறேன். பிறகு, "நான்தான் சார்" என்றார்.

படுக்கை கிடைக்காத அந்த அம்மாள் அடுத்த கப்பலில் போனார். என்ன ஆனார் என்று விசாரிக்க எனக்குத் துணிவில்லை. அக்காவைப் பாராடாங் தீவுக்கு மாற்றினார்கள். அதன்பின் என் செல்போனைப் பார்த்தே நேரம் திருத்தி வந்தேன். டவரை அழைக்க முகமில்லை.

இன்று பேட்டரியைப் பொருத்தினேன். மதியம் கரண்ட் போய் வந்தபோது கணினி சரியான நேரத்தோடு எழுந்தது. யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆனாலும் டவருக்குப் போன் போட்டேன்.

"அக்கா இல்லையா? ரொம்ப நாளா காணோமே" என்றார் எடுத்தவர்.

"பாராடாங்ல இருக்காங்க. தப்பு என்னோடது, மாத்தினது அவங்கள."

 அவர் நேரத்தைச் சொன்னார். அதிகாரிக்கு உண்மையை எழுத, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அந்த நேரத்தை மேலே குறித்தேன்.