வழுக்கையாற்றங்கரையில் நின்ற மங்கை ரீச்சர்

செவ்வாய்க்கிழமை காலை பாடசாலைக்குப் புறப்படும்போது, தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலிருந்து மங்கை ரீச்சரின் தம்பி தொலைபேசியில் பேசினார். “அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா, சேர்” என்றார். நெஞ்சுவலி என்று முதல்நாள்தான் கொண்டுபோயிருந்தார்கள். பக்கத்து வகுப்பில் புவியியல் படிப்பித்த அந்தக் கனத்த குரலை அவருடன் வேலைசெய்த நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இரத்தம். வழுக்கையாற்றங்கரையில் இருந்த அவருடைய வயலுக்குக் கீழே, சிலர் பெக்கோ இயந்திரத்தால் வண்டல் மண்ணை வெட்டி ஏற்றினார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போய் ரீச்சர் இயந்திரத்தின் முன்னால் நின்றார். முன்பெல்லாம் மழைத்தண்ணீர் புற்சரிவில் மெல்ல இறங்கியது; இனி வெட்டிய விளிம்பால் குப்புற விழும், விழுந்த இடத்தைக் குடையும், அடிமண் போனதும் மேல்நிலம் இடியும் என்று விளங்கப்படுத்தினார். “ஆறு கடலுக்குப் போகும். உந்தப் பள்ளம் எங்கடை வீடுகளுக்குத்தான் வரும்.”

மண் வெட்டியவர்களில் ஒருவனான ராசன், அதே கரையில் குடியிருந்தவன், மண்வெட்டிப் பிடியால் ரீச்சரை அடித்தான். அவருடைய நெற்றி பிளந்தது, மணிக்கட்டு முறிந்தது. அவர் நகரவில்லை. அன்றைக்கு அவர்கள் போனார்கள். பொலிசில் முறைப்பாடு கொடுத்தும், பிறகு வந்து வெட்டினார்கள்.

அந்த மாரியில் மழை விடாமல் அடித்தது. பள்ளம் தண்ணீர் ஓட்டத்துக்கு எதிராக வயலைத் தின்றுகொண்டு ஏறியது. வரம்புகள் உடைந்தன. பனையொன்று வேரோடு சாய்ந்தது. மத்தியானம் அது ராசன் வீட்டுப் பின்சுவரைத் தொட்டபோது அவன் வீட்டில் இல்லை. உள்ளே பெட்டி எடுக்கப் போன அவன் மனைவி அதை விட்டிட்டு வெளியே வர மறுத்தாள். கட்டுப்போட்ட கையுடன் ரீச்சர் உள்ளே ஓடி, அவளுடைய தலைமயிரைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துவந்தார். அவர்கள் வேலியடிக்கு வரமுன்னர் அறை பள்ளத்துக்குள் விழுந்தது.

மழை விட்டபின் ராசன் பாடசாலைக்கு வந்து, எங்கள் முன்னால் அழுதான். ரீச்சர் அவனுக்குக் கதிரை போட்டார். “என்ரை கையை முறிச்சதை மன்னிச்சிட்டன், தம்பி. நிலத்தை உடைச்சதை மன்னிக்கேலாது” என்றார். பள்ளத்தின் மேல்விளிம்பில் மண் அரிக்காமலிருக்க வெட்டிவேர் நட அவனையே கூப்பிட்டார். ஓம் என்று போனான். நட்டு முடியும்வரை அவர் அவனோடு கதைக்கவில்லை.

அடித்தவனின் மனைவியை உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றலாம். அதற்காக அவன் செய்ததைச் சிறிதாக்க வேண்டியதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, இரக்கத்தால் தணியாத அந்தக் கோபத்தை.