என் ரத்தத்தில் ஓடிய பச்சைச் சாயம்

எங்கள் அப்பா காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். தோய்த்துக் காய்ந்த நூலை ஈர வெள்ளைத் துணியால் உருவிப் பார்ப்பார். துணியில் பொட்டு நிறம் ஒட்டினாலும் அந்த நூல் தறிக்குப் போகாது. கரையின் சிவப்பு, புடவையின் உடலில் இறங்கினால் புடவையும் போச்சு, மானமும் போச்சு என்பார்.

அப்படிப்பட்டவரிடம் போய், உங்கள் மகளின் ரத்தத்தில் பச்சைச் சாயம் விடப்போகிறோம் என்று மெட்ராஸ் டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும்!

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாய் ஊருக்கே கேட்கும், கால்தான் ஓடாது. நாலு வீடு தாண்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். “வண்டி படுத்துக்கிச்சு டோய்!” என்று மாமா மகன் கத்துவான். துரத்திப் பிடிக்க முடிந்திருந்தால் அவனைக் கடித்துக் குதறியிருப்பேன்.

இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற குழாய் ஒன்று பிறவியிலேயே வழி தவறி வளர்ந்து, ரத்தத்தை நடுவில் ஒழுகவிடுகிறது என்று டாக்டர் சந்தேகப்பட்டார். எவ்வளவு ஒழுகுகிறது என்று தெரிந்தால்தான் ஆபரேஷன் செய்யலாமா என்று முடிவெடுக்க முடியும். அதற்குத்தான் சாயம். அது ரத்தத்தோடு ஓடி எப்போது வருகிறது, எப்போது வடிகிறது என்று காதில் மாட்டிய கிளிப் கண்டுபிடித்து, காகிதத்தில் கோடு போட்டுக் காட்டுமாம்.

“வேணாம் டாக்டரய்யா. சாயம்னா ஏறினா எறங்காது. நாளைக்குப் பொண்ணு பச்சையா நின்னா எவன் கட்டிக்கினு போவான்?” என்றார் அப்பா.

“இது எறங்கிடும்பா. எறங்கற வேகத்தை வச்சிதான் ரத்த ஓட்டத்தையே அளக்கறோம்.”

“எறங்கற சாயத்தையா என் பொண்ணுக்குப் போடறீங்க?” என்று அப்பாவுக்கு இன்னும் கோபம் வந்தது.

அம்மாதான் முடித்துவைத்தாள். “பச்சையா இருந்தா இருந்துட்டுப் போவட்டுங்க. அவ மூச்சு வாங்காம ஓடினா போதும் எனக்கு.”

என் கம்மலைக் கழற்றிவிட்டுக் கிளிப்பை மாட்டினார்கள். ஊசி வழியாகச் சாயம் உள்ளே போனதும், காகிதத்தில் கோடு போடும் பேனா எழும்பியது; இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் இழுத்துக்கொண்டே போனது. ஒழுகிய ரத்தம் சாயத்தோடு திரும்பத் திரும்பச் சுற்றுகிறதாம்; ஒழுகல் பிடிபட்டுவிட்டது. வெளியே வந்ததும் அப்பா ஈரத் துணியால் என் முகத்தை அழுத்தித் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பச்சை இல்லை.

நெஞ்சைத் திறந்து அந்தக் குழாயைக் கட்டினார்கள். தேறியபின் மறுபடி சாயம் விட்டபோது பேனா ஏறிய கையோடு இறங்கியது. “பாருப்பா, சுத்தமா எறங்கிடுச்சு!” என்று டாக்டரே துள்ளினார். சாயம் இறங்கியதற்கு அப்பா சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

இனி ஓடலாம் என்று டாக்டர் சொன்ன வாரமே மாமா மகனைப் பந்தயத்துக்கு இழுத்தேன். தேரடியிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும். ஐயோ, என்ன ஓட்டம்! பாதித் தெருவிலேயே அவன் பின்தங்கிவிட்டான். “வண்டி படுத்துக்கிச்சாடா?” என்று திரும்பிக் கத்தினேன். தெருவே சிரித்தது.

வாசலில் அப்பா ஈரத் துணியோடு நின்றிருந்தார். என் வேர்வையைத் துடைத்தார். பச்சை தேடுகிறார் என்று நினைத்து, “சாயமெல்லாம் அப்பவே போயிடுச்சுப்பா” என்றேன். அவர் துணியைப் பார்க்கவே இல்லை. அதே துணியால் தன் கண்களையும் முகத்தையும் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

அவருக்கு யார் எப்போது சாயம் விட்டார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.