வாசலில் விசாரித்து எடுத்த ஆறு டிக்கட்

கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக்குப் போய்ப் படம் பார்த்ததை யாராவது பயணம் என்று எழுதுவார்களா என்று என் மனைவி பிலோமினா கேட்கிறாள். இரண்டு பஸ், பத்துக் கிலோமீற்றர், தியேட்டரில் ஆறு பேர், அதில் ஒருவனுக்கு ஆறு வயது. இதைவிடக் குறைந்த ஏற்பாட்டோடு ஆட்கள் தூரத்து மடுமாதா கோயிலுக்கே யாத்திரை போய் வந்திருக்கிறார்கள். ஆகவே இது பயணம்தான்.

ஏன் போனோம் என்று முதலில் சொல்கிறேன். நான் துறைமுகத்தில் பெட்டி ஏற்றி இறக்கியவன். பெட்டியில் குடைப் படம் கீறியிருந்தால் நனையக் கூடாது. கிளாஸ் கீறியிருந்தால் மெதுவாக வைக்க வேண்டும். வெளியே என்ன கீறியிருக்கிறதோ அதை நம்பலாம். வாசிக்கத் தெரியாத காலத்தில் படங்களையும் அப்படித்தான் தெரிவு செய்தேன். ஒருமுறை தியேட்டர்ப் பலகையில் பெரிய யானை ஒன்று மாலை போட்டுக்கொண்டு நின்றது. பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். யானை இரண்டு நிமிஷம் வந்தது. மிச்சம் முழுக்க வெட்டும் குத்தும். அதற்குப் பிறகு சின்னவன் கெவின், யானை என்ற சொல்லைக் கேட்டாலே கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். யானை பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

என் மகள் ஸ்டெல்லா வெள்ளவத்தையில் மாமனாரோடும் பிள்ளைகளோடும் இருக்கிறாள். இந்த முறை அவள் தீர்ப்பையே சொல்லிவிட்டாள்.

“அப்பா, இதுதான் கடைசி. இதுவும் பிழையாப் போனால் இனி வீட்டிலேயே பாப்பம்.”

வீட்டிலே பார்ப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு அறை, சம்பந்தி டிவியோடு முன் அறை, நான் பிளேன்டிக் கோப்பையோடு நடுவில். ஆறு பேரும் ஒரே வரிசையில் இருந்து ஒரே இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அது போய்விடும் போல இருந்தது.

இப்போது எனக்கு வாசிக்கத் தெரியும். போன வருஷம் கோயில் மண்டபத்து வகுப்பில் பழகினேன். அதனால் பேப்பரை எடுத்து, விரலை வைத்து, விளம்பரத்தை நானே வாசித்தேன். “குடும்பத்தோடு கண்டு மகிழுங்கள்” என்று இருந்தது. சந்தோஷமாக இருந்தது. அடுத்த படத்துக்கும் அதையே எழுதியிருந்தார்கள். மூன்றாவதுக்கும் அதே. வாசிக்கத் தெரிந்தால் எல்லாம் விளங்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். சினிமா விளம்பரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே துறைமுக வழக்கத்துக்கே திரும்பினேன். சரக்கு நல்லதா என்று இறங்கும்போது பார்க்க வேண்டும். காலைக் காட்சி முடிந்து வெளியே வரும் சனத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னேரக் காட்சிக்கு டிக்கட் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை பத்தரைக்குப் புறப்பட்டோம். கொட்டாஞ்சேனையில் இருந்து புறக்கோட்டைக்கு ஒரு பஸ், இரண்டு கிலோமீற்றர், ஆளுக்கு நாற்பது ரூபாய். அங்கிருந்து காலி வீதி பஸ், எட்டுக் கிலோமீற்றர், எண்பது ரூபாய். கடல் பார்க்க ஆசையுள்ளவர்கள் வலது பக்க யன்னலில் இருங்கள். வெயில் பட்டு முகம் கறுத்தால் என்னிடம் வராதீர்கள். பன்னிரண்டு மணிக்கு முதலே வெள்ளவத்தை. பிலோமினாவை மகள் வீட்டில் விட்டுவிட்டு நான் தியேட்டர் வாசலுக்குப் போனேன்.

காவலாளி சிங்களப் பையன். யாரைத் தேடுகிறீர்கள் சீயா, அதாவது தாத்தா, என்று கேட்டான். “ஒருவரையும் இல்லை மல்லி, முகம் பார்க்கிறேன்” என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். மல்லி என்றால் தம்பி. அதற்குப் பிறகு அவன் என் முகத்தைப் பார்த்தபடி நின்றான்.

ஒரு மணிக்குச் சனம் வெளியே வந்தது. மூன்று பிள்ளைகளோடு வந்த ஒரு முஸ்லிம் தகப்பனை முதலில் பிடித்தேன்.

“படம் எப்படி மகன்?”

“நல்ல படம் மாமா. நாய்தான் கதாநாயகன். கல்யாணச் சமையல் ஒண்டு வருது பாருங்க, நான் சிரிச்சதுல புள்ளைகள் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க.”

அடுத்து வந்த பெடியன்கள் கிணற்றுக்குள் இருந்து பேய் வரும் என்றார்கள். நாயும் பேயும் கல்யாணமும் ஒரே படத்திலா? பரவாயில்லை, பேய் வரும்போது கண்ணை மூடச் சொன்னால் போயிற்று. கடைசியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். “எல்லாம் நல்லபடியா முடியும் ஐயா, பயப்படாமல் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றாள். அது போதும் என்று நாய்ப்படத்துக்கு ஆறு டிக்கட் எடுத்தேன். ஒன்று எண்ணூறு.

இரண்டேகாலுக்கு எல்லோரும் வரிசையாக இருந்தோம். பெரியவள் நிஷா, ஸ்டெல்லா, பிலோமினா, நான், என் மடியில் பாதியும் கதிரையில் பாதியுமாகக் கெவின், அந்தப் பக்கம் சம்பந்தி. சம்பந்தி கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். அவருக்குப் படத்தை முதல் எழுத்தில் இருந்து பார்க்க வேண்டும், கதையை யாரும் முன்னுக்குச் சொல்லக் கூடாது.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நாய் தொலைந்துவிட்டது. கெவின் என் சட்டையைப் பிடித்தான்.

“தாத்தா, நாய் செத்துப் போகுமா?”

“இல்லை ராசா, கடைசியில் வீட்டுக்கு வரும்.”

“சத்தியமா?”

“கொச்சிக்கடை அந்தோனியார் மேல் சத்தியம்.”

“இப்ப புனிதரையும் டிக்கட் இல்லாமல் உள்ளுக்குக் கொண்டுவந்தாச்சு” என்றாள் பிலோமினா.

“சம்பந்தி, கதையைச் சொல்லாதேங்கோ!” என்று அந்தப் பக்கத்தில் இருந்து என் சம்பந்தியின் குரல் வந்தது.

கல்யாணச் சமையல் வந்தபோது வரிசை முழுக்கச் சிரித்தது. சாம்பாருக்குள் மாப்பிள்ளையின் தலைப்பாகை விழுந்த இடத்தில் சம்பந்தி இருமி, ஸ்டெல்லா தண்ணீர் கொடுக்க வேண்டி வந்தது. எனக்கு அப்போதே பாதி வெற்றி.

அதற்குப் பிறகு ஒரு கிணறு வந்தது. “கண்ணை மூடுங்கோ, பேய் வருது” என்றேன். பிலோமினா மூடினாள். பிள்ளைகள் மூடினார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு அம்மாவும் மூடினார். வாளி ஒன்று மேலே வந்தது. அதற்குள் தண்ணீர்.

“நீங்கள் எந்தப் படம் பாக்கிறியள் சம்பந்தி?” என்று என் சம்பந்தி கேட்டார்.

இடைவேளையில் கச்சான் கடலை வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே காவலாளியிடம் போனேன். பேய் எங்கே மல்லி என்றேன். அவன் இரண்டு கதவுகளைக் காட்டினான்.

“சீயா, ஹோல்மன் அந்தப் பக்கம். பல்லா இந்தப் பக்கம்.”

பேய்ப்படம் அங்கே, நாய்ப்படம் இங்கே. இரண்டு மண்டபத்துக்கும் வெளியே வர ஒரே வாசல். நான் இரண்டு கப்பல் சரக்கையும் ஒரே குவியலாக எண்ணியிருக்கிறேன். அப்படியானால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சொன்ன அந்தப் பெண் எந்தக் கதவால் வந்தவள்?

“நாய் கடைசியில் வருமா மல்லி?”

“தெரியாது சீயா. முடியிற நேரம் நான் கதவு திறக்கப் போக வேணும். ஒரு நாளும் முடிவு பாக்க இல்ல. ஆனா முதல்ல வெளிய வாற புள்ளைங்க அழுது. பிந்தி வாற புள்ளைங்க சிரிக்கிது.”

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? திரும்பிப் போய் இருந்தேன். கச்சான் வாங்க மறந்துவிட்டேன். அதற்கு வேறு ஏச்சு.

இரண்டாம் பாதியில் நாய் மழையில் நனைந்தது, லொறியில் ஏறியது, காலில் அடிபட்டது. ஒவ்வொன்றுக்கும் கெவின் என் விரலை முறுக்கினான். “வரும்தானே தாத்தா?” “வரும்.” எனக்கே நம்பிக்கை இல்லை. கடைசியில் வீட்டு வாசல் படலையைக் காட்டினார்கள். வீட்டுப் பிள்ளை தனியாக அதைப் பார்த்துக்கொண்டு இருந்தது. திரை இருண்டது. பெயர்கள் ஓடத் தொடங்கின, விளக்குப் போட்டார்கள்.

நம் சனத்தைத் தெரியும்தானே. பெயர் ஓடினால் படம் முடிந்தது, காலி வீதியில் பஸ் நிரம்ப முதல் ஓட வேண்டும். மண்டபம் முழுக்க எழும்பியது. கெவினின் கீழ் உதடு வெளியே வந்தது. ஸ்டெல்லா கைப்பையைத் தோளில் போட்டாள்.

“எழும்புங்கோப்பா. போதும்.”

அந்தப் ‘போதும்’ எனக்குத்தான். இருந்தும் நான் எழும்பவில்லை. பிந்தி வரும் பிள்ளைகள் சிரிப்பதாகக் காவலாளி சொன்னது ஞாபகம் வந்தது. “இருங்கோ எல்லாரும்” என்றேன்.

“கதை முடிஞ்சுது சம்பந்தி” என்றார் என் சம்பந்தி. “இனி லைற் பிடிச்சவன்ர பேரும் சமைச்சவன்ர பேரும்தான்.”

“முதல் எழுத்தில் இருந்து பாக்கிற ஆள் கடைசி எழுத்தையும் பாக்க வேணும்.”

அவர் திரும்பக் கதிரையில் இருந்தார். அவர் இருந்ததால் ஸ்டெல்லாவும் இருந்தாள். நான் பெயர்களை வாசித்தேன். ஒன்றை வாசித்து முடிப்பதற்குள் பத்துப் பெயர் மேலே போய்விட்டது. பின்னால் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. அந்தோனியாரே, உம்முடைய பெயரையும் சேர்த்துத்தான் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பெயர்கள் நின்றன. படலை திரும்ப வந்தது. ஒரு மூக்கு அதைத் தள்ளியது.

கெவின் கதிரைக்கு மேல் ஏறிக் கத்தினான். நிஷா கை தட்டினாள். கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றோடு நின்று பார்த்தார். கிணறு வந்ததில் இருந்து பாதி நேரம் கண்ணை மூடியே இருந்த பிலோமினா, “பேய் போயிட்டுதா?” என்று கேட்டாள். சம்பந்தி சிரித்த சிரிப்பில் வரிசை முழுக்க ஆடியது.

“நீங்கள் சொன்னதில ஒண்டாவது நடந்துதே!” என்றார்.

வெளியே காவலாளி எங்கள் முகங்களைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அவனும் ஆட்டினான். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக் காலி வீதியைக் கடக்க வைத்தபடி, “அடுத்த முறை எப்பவப்பா வாசல்ல நிக்கப் போறியள்?” என்றாள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குச் சில வார்த்தை. விளம்பரத்தை வாசியுங்கள், நம்ப வேண்டாம். முந்திய காட்சி விடும் நேரம் வாசலில் நின்று விசாரியுங்கள், ஆனால் எந்த மண்டபம் என்று முதலில் கேளுங்கள். பெரியவர்கள் எங்கே சிரித்தார்கள், பிள்ளைகள் எங்கே பயந்தார்கள் என்று இரண்டையும் கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டால் பாதிப் படம்தான் தெரியும். சின்னப் பிள்ளைக்குப் பக்கத்தில் முடிவு தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். தெரியாவிட்டாலும் தெரிந்தது போல இருக்க வேண்டும். கச்சானை உள்ளே போக முதலே வாங்குங்கள்.

படத்தின் பெயரை நான் எழுதவில்லை என்று கவனித்திருப்பீர்கள். மறதி இல்லை. முடிவு முழுவதையும் சொல்லிவிட்டேன். இனிப் பெயரையும் சொன்னால் சம்பந்தி என்னோடு கதைக்க மாட்டார்.