கரண்ட் வைத்த தலை

எனக்கு ஆறு வயதில் ரத்தத்தில் புற்றுநோய் வந்தது. மாத்திரை, கை ஊசி, முதுகில் போடுகிற ஊசி எல்லாம் போட்டு, தலைக்குக் கரண்டும் வைத்தார்கள். எங்கள் பக்கம் கதிர்வீச்சுக்கு அதுதான் பெயர். கரண்ட் என்றதும் நான் மின்சாரம் என்றே நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் ரொம்ப நாள் ஈரக் கையால் தலையைத் தொடமாட்டேன், ஷாக் அடித்துவிடுமோ என்று.

பயப்படுவதில் நான் அம்மாவைக் கொண்டு பிறந்தவள். நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் அம்மா நம்பவில்லை. நான் இருமினால் எழுந்து உட்காருவாள். நகத்தை அழுத்திப் பார்ப்பாள், கண் இமையை இழுத்துப் பார்ப்பாள். அங்கெல்லாம் ஒன்றுமில்லை. எனக்கு வந்தது மறதி. உப்பும் மிளகாயும் வாங்கப் போனால் உப்போடு வருவேன். மாலையில் ஒப்பித்த வாய்ப்பாடு காலையில் இருக்காது. கரும்பலகையில் இருப்பதில் பாதியை நான் எழுதுவதற்குள் டீச்சர் அழித்துவிடுவார்.

நான் ஐந்தாவது படித்தபோது அம்மா வீட்டிலிருந்தே ஷூ தைத்துக்கொண்டிருந்தாள். ஆம்பூரில் ஒரு கம்பெனி ஷூவின் மேல்பாகத்தை மட்டும் மூட்டையாகக் கொடுக்கும். அப்பர் என்போம். கையால் தைத்து, இடது ஒன்று வலது ஒன்று, ஒரே நம்பராகப் பார்த்து ஜோடி கட்டித் தர வேண்டும். ஜோடி கட்டுவது என் வேலை. ஒரு தடவை மூட்டை முழுக்க இடதோடு இடதையே சேர்த்துக் கட்டிவிட்டேன். சூப்பர்வைசர் அக்கா அதைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலிலேயே கொட்டினாள்.

“இன்னாக்கா, உம் பொண்ணுக்கு ரெண்டுமே இடது காலா?”

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்காகத்தான் இருந்தது. அம்மா சிரிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு ஓர் அப்பரை என் முன்னால் வைத்து இது எந்தக் கால் என்று கேட்டாள். சரியாகச் சொன்னேன். அவள் இன்னொன்றை எடுப்பதற்குள், என்ன கேட்டாள் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அம்மா அதைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். வருடத்துக்கு ஒரு செக்கப். முன்பு நான் வார்டில் இருந்தபோது பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு நோய் திரும்பி வந்தது. தலைக்கு ஏறிவிட்டது என்று மறுபடியும் கரண்ட் வைத்தார்கள். அவள் பிழைக்கவில்லை. அம்மா அதைக் கண்ணால் பார்த்தவள். என் மறதியைச் சொன்னால் என்னையும் அந்தக் கட்டிலில் படுக்க வைத்துவிடுவார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். அப்பாவிடம்கூடக் கேட்கவில்லை. பஸ் ஏறியதும் எனக்குப் பாடம் ஆரம்பித்தது.

“டாக்டரம்மா படிப்ப பத்தி கேட்டா இன்னா சொல்லுவ?”

“நல்லா படிக்கிறேன் மேடம்.”

“மறதி இருக்கான்னு கேட்டா?”

“மறதி இல்ல மேடம்.”

மாதனூரில் ஒரு தடவை கேட்டாள், பள்ளிகொண்டாவில் ஒரு தடவை கேட்டாள். நான் மறந்துவிடுவேனோ என்று அவளுக்குப் பயம். எனக்கு அதைவிட ஜாஸ்தி. ஜன்னலோரம் உட்கார்ந்தும் வெளியே பார்க்காமல், உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, அம்மாவைக் கேட்காமல் என்னையே கேட்டார்.

“ஸ்கூல் எப்படிம்மா போகுது? பாடமெல்லாம் மனசுல நிக்குதா?”

“நல்லா படிக்கிறேன் மேடம். மறதி இல்ல மேடம்.”

ஒரு எழுத்து பிசகவில்லை. வெரி குட் என்று கன்னத்தில் தட்டினார். என்னவோ எழுதினார். தாளைத் திருப்பினார்.

ஒன்பதாவதில் ஃபெயிலாகி நின்றுவிட்டேன். மக்கு என்றார்கள், நானும் ஒத்துக்கொண்டேன். போன வருடம்தான் வேறொரு டாக்டர் எனக்கு விளக்கினார். சின்ன வயதில் தலைக்கு வைத்த கரண்டும் முதுகு ஊசியும் நோயைக் கொன்றதோடு, சிலருக்கு ஞாபகத்தையும் வேகத்தையும் குறைத்துவிடுமாம். நோய் திரும்பி வருவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம். அப்போதே தெரிந்திருந்தால் சோதித்துப் பார்த்து, பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் கொடுத்து, பரீட்சையில் கூடுதல் நேரமும் கேட்டிருக்கலாமாம். செக்கப்பில் படிப்பைப் பற்றி விசாரிப்பதே அதற்காகத்தானாம். இனிமேல் என்ன செய்யலாம் என்றேன். இருப்பதை வைத்துச் சமாளிக்கப் பழகலாம், போனது திரும்பாது என்றார். இதை நான் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அன்று டாக்டர் ரூமை விட்டு வெளியே வந்ததும் அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தோள் குலுங்கியது. ஏதோ ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்று, முதலிலிருந்து மறுபடியும் சொல்லிக் காட்டினேன்.

“நல்லா படிக்கிறேன் மேடம். மறதி இல்ல மேடம்.”