கொளுத்தாத காடு

கப்பலில் வருகிற சபைக்காரர்களுக்கு ஃபிதேலியாவை ரொம்பப் பிடிக்கும். பழைய இடிபாட்டைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி; மாயா பழங்குடிப் பெண், அதோடு ஞானஸ்நானம் எடுத்தவள். மஹாஹுவால் துறையில் பேருந்துகளை அனுப்புகிறவர்கள், பைபிளோடு இறங்கும் கூட்டம் எதுவானாலும் அவள் பக்கம் தள்ளிவிடுவார்கள். பிரமிடுமேல் ஏறாதீர்கள், நிழலில் நில்லுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பாள். நரபலியைப் பற்றிக் கேட்டால் யாரும் முகம் சுளிக்காதபடி ஒரு பதில் வைத்திருந்தாள்.

அந்த இடிபாட்டுக்குக் காவலாளி அவள் அண்ணன் வென்செஸ்லாவோ. அவள் சபையில் சேர்ந்தபோது பேச்சை நிறுத்தியவன், அம்மா செத்த வீட்டில்தான் மறுபடி வாய் திறந்தான். அவனுக்கு அவள் பிரசங்கம் செய்யக்கூடாது, அவளை அவன் கிண்டல் செய்யக்கூடாது என்று பேச்சு. அவள் பேச்சைக் காப்பாற்றினாள். அவன் முயற்சிகூடச் செய்யவில்லை.

"என்னடி, ஆட்டுமந்தை இன்னைக்கு ஜாஸ்தியா இருக்கு?" என்றான் அன்றும், வாசலில்.

"வாயை மூடுண்ணே. பாஸ்டர் காதுல விழும்."

"விழட்டும். மாயா பாஷை புரியவா போகுது?"

மே மாத வெயில். வெட்டிப் போட்ட காடுகளெல்லாம் காய்ந்து தீக்குக் காத்திருந்தன. மழைக்கு முன் கொளுத்தினால்தான் சாம்பலில் மக்காச்சோளம் விதைக்க முடியும். வென்செஸ்லாவோவின் காடு இடிபாட்டு வேலிக்கு அந்தப் பக்கம். அன்று பிற்பகல் கொளுத்துவதாக இருந்தான்.

பாஸ்டர் காரெட் நல்ல மனிதர். வியர்த்து வழிந்தாலும் கூட்டத்தின் கடைசியில் தடியூன்றி வரும் கிழவிக்காக நின்று நின்று நடந்தார். பெரிய மேட்டுக்குப் பின்னால் அவர்களை முந்திக்கொண்டு போனவள் லொரீன் என்கிற பெண்.

"பாஸ்டர், இங்க வாங்களேன்! இது ஏதோ படையல் மாதிரி இருக்கு."

ஃபிதேலியா ஓடினாள். குச்சி கட்டிய சின்ன மேடை, மேலே பச்சை இலை, இலைமேல் சுரைக்கிண்ணங்களில் மக்காச்சோளக் கஞ்சி. காட்டுக்கும் காற்றுக்கும் கண்ணுக்குத் தெரியாத சொந்தக்காரர்களிடம் கேட்காமல் அண்ணன் தீ வைக்க மாட்டான். உச்சிவெயில்வரை கிண்ணங்களை விட்டுவைப்பான். அவர்கள் சாரத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் மனிதர் வாய் வைக்கலாம். வேலிக்கு வெளியே வைக்கச் சொல்லி எத்தனை முறை கெஞ்சியிருப்பாள்! அவர்கள் குடியிருப்பது இந்த மேட்டில், வேலி போட்டது நேற்று வந்த அரசாங்கம் என்பான். இடிபாட்டுக்குள் பூசை கூடாது என்பது விதி. தெரிந்தால் வேலை போய்விடும். லொரீன் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுக்கப் போனாள்.

"படையல் இல்லம்மா," என்றாள் ஃபிதேலியா. "இங்க வேலை செய்றவங்களோட மத்தியானக் கஞ்சி."

லொரீன் கைப்பேசியைத் தாழ்த்தினாள். பாஸ்டரின் முகம் இளகிவிட்டது. "உழைக்கிறவங்க சாப்பாடு!" என்று தொப்பியைக் கழற்றினார். எல்லாரும் தலை குனிந்தார்கள். அவர் கண்ணை மூடி ஜெபித்தார்.

வென்செஸ்லாவோ மெதுவாக அவள் பக்கம் வந்து நின்றான். "என்னடி பண்றாரு?"

"கஞ்சிக்கு நன்றி சொல்றாரு."

"அட, மரியாதை தெரிஞ்ச ஆளு! யார்கிட்ட?"

"அவரோட சாமிகிட்ட."

"சொல்லட்டும். அந்தச் சாமியும் வந்து ஒரு வாய் எடுத்துக்கட்டும்."

அவன் பாஸ்டரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினான். ஏழை கொடுத்ததை மறுக்கக் கூடாது என்று ஊர் ஊராய் ஊழியம் செய்து கற்றவர் பாஸ்டர். அந்தத் தலையாட்டலை அழைப்பென்று எடுத்துக்கொண்டு ஒரு கிண்ணத்தைத் தூக்கினார்.

"ஃபிதே, வேணாம்னு சொல்லு. இன்னும் உச்சி ஆகல. சொல்லுடி!"

அவள் வாயைத் திறந்தாள். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். பாஸ்டர் அடிவரை குடித்துவிட்டு, "சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்கு, ஆனா குளிர்ச்சி," என்று சிரித்து அடுத்த கிண்ணத்தை லொரீனிடம் நீட்டினார். கிழவிக்கும் ஒரு மிடறு கிடைத்தது.

அவர்கள் நிழலுக்கு நகர்ந்த பிறகு அண்ணன் கேட்டான். "என்ன சொன்ன அவங்ககிட்ட?"

"உன் சாப்பாடுன்னு."

"ஏன்?"

"வேலை போயிடும்ணே."

"என் வேலைதானே. போனா எனக்குத்தானே போகும்? உன்னை யாரு கேட்டா?"

அவன் காலிக் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனான்.

அன்று பிற்பகல் காற்று வாகாக இருந்தது. ஊரில் எல்லாரும் கொளுத்தினார்கள். துறைமுகத்திலிருந்தே புகை தெரிந்தது. மறுபடி சோளம் வேகவைத்து, மறுபடி கேட்டுவிட்டு நாளைக்கு, என்று வென்செஸ்லாவோ தள்ளிவைத்தான். விடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருடம் மழை முந்திவிட்டது, விடவும் இல்லை. காய்ந்த கிளைகள் ஊறிப் பூசணம் பூத்தன.

ஞாயிற்றுக்கிழமை சபையில் பக்கத்திலிருந்த பெண் கிசுகிசுத்தாள்: "உங்கண்ணன் காடு மட்டும் எரியலையாமே? பேய்க்குப் படைச்சா இப்படித்தான்." ஃபிதேலியா பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாடவும் இல்லை.

ஆராதனை முடிந்ததும் அதே உடையில் அண்ணன் காட்டுக்குப் போனாள். அவன் ஈரக் கிளைகளைக் கையாலேயே இழுத்து ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தான். ஒரு மூலையாவது ஒழிந்தால் வீட்டுச் செலவுக்கு நாலு வரிசை ஊன்றலாம்.

"அன்னைக்கே கொளுத்தியிருக்கலாமேண்ணே?"

"கேக்காமலா?"

அவன் இன்னொரு கிளையை இழுத்தான்.

"உன் பாஸ்டருக்கு வயித்துக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல."

"நல்லது. அந்தப் பாட்டிக்கு?"

"அவங்களுக்கும் ஒண்ணும் இல்ல."

செருப்பைக் கழற்றிவிட்டு அவளும் ஒரு கிளையின் நுனியைப் பிடித்தாள்.

"விடு ஃபிதே," என்றான், நிமிர்ந்து பார்க்காமல். "நான் சொன்னா செய். இல்லாட்டி விட்டுடு."

அவள் கையை எடுத்தாள். மழை மறுபடி தூறத் தொடங்கியது. போகவும் மனமில்லாமல், தொடவும் துணியாமல், வரப்பு இல்லாத அந்தக் காட்டின் ஓரத்தில் வெறுங்காலோடு நின்றாள்.