கூவிப் பார்த்த வெப்சைட்

காசிமேட்டில் விசைப்படகின் விசிறியைச் சுழற்றும் இரும்புத் தண்டை, அதாவது ஷாப்டைப் பழுது பார்க்கும் பட்டறை எங்களுடையது. பக்கத்திலேயே பெரிய பட்டறை வந்த பிறகு, படகுகளெல்லாம் கரையில் நின்று பழுது பார்க்கும் மீன்பிடித் தடைக்காலத்தில்கூட வேலை வரவில்லை. வெளியூர் வேலை கிடைத்தால்தான் பட்டறை நிற்கும். மச்சான் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். ஆனால் கம்ப்யூட்டரில் தேடினால் எங்கள் பெயர் எங்கோ கடைசியில் கிடந்தது.

மீன் ஏலத்தில் கூவுகிறவன் பக்கம்தான் ஆள் திரும்பும். அதே நினைப்பில் 'ஷாப்ட் ரிப்பேர், ஷாப்ட் ரிப்பேர்' என்று பக்கம் முழுக்கப் போடச் சொன்னேன். கொஞ்ச நாளில் கடைசியிலும் எங்களைக் காணோம்.

பிரவுசிங் சென்டரில் மச்சான் சிரித்தான்.

"இன்னா மாமா, மீனா விக்கிற? ஏமாத்துறோம்னு நெனச்சி, தேடிக் குடுக்குறவன் நம்ம பேரத் தூக்கிட்டான்."

"இப்ப இன்னா பண்றது?"

"போட்டுக்காரன் வந்து உன்னாண்ட இன்னா கேப்பான்? அத்த எழுது. பதிலும் எழுது."

தினமும் பட்டறையை மூடிவிட்டு அங்கே போவேன். படகு ஏன் அதிருகிறது, வளைந்த ஷாப்டை எப்போது நிமிர்த்தலாம், எப்போது தூக்கிப் போட வேண்டும் என்று சொல்லச் சொல்ல அவன் தட்டுவான். பாதியில் எனக்குக் கண் சொருகும். பெயர் மெதுவாகத்தான் மேலே வந்தது. அதற்குள் செலவுக்காக, இரும்பைக் கடையும் லேத் மிஷின்களில் ஒன்றை விற்றிருந்தேன்.

அடுத்த தடைக்காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு படகு முதலாளி போன் செய்தார்.

"தேடுனா உங்க பேருதான் மொதல்ல வருது. நிமிர்த்த முடியாத ஷாப்டும் உண்டுன்னு நீங்க ஒருத்தர்தான் எழுதியிருக்கீங்க. ஷாப்டை லாரில ஏத்திட்டேன்."

சரி என்றேன். சந்தோஷப்படத் தெம்பில்லை. வரப்போகும் ஷாப்டுக்காக, மிச்சமிருந்த லேத்தைத் துடைத்து எண்ணெய் விட்டேன்.